கல்பாக்கமா, நெய்வேலியா, மொட்டை மாடியா: ஒரு கடலூர்க்காரன் போட்ட கணக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன், ஏழெட்டு வருடமாக மொட்டை மாடியில் சோலார் தகடும் மாட்டித் தருகிறேன். அதனால் சூரிய மின்சாரத்தைப் பற்றி நான் நல்லதாகச் சொல்கிற இடத்தில் எல்லாம் இவன் வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான், அந்தச் சந்தேகத்தோடேயே படியுங்கள்.

எந்த மின்சாரத்தில் ஆபத்து குறைவு என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓடுகிறது. மனைவியின் தம்பி நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அணு உலை ஒண்ணு வெடிச்சா அப்புறம் ஊருன்னு ஒண்ணு இருக்காது மாமா" என்பான் அவன். "உன் சுரங்கமும் புகையும் தினம் தினம் கொல்றது மட்டும் கண்ணுக்குத் தெரியலையா மாமா?" என்பாள் இவள். இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. எங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் நூறு கிலோமீட்டர் சுமாரில் கல்பாக்கம் அணுமின் நிலையம், மேற்கே போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், நடுவில் நாங்கள். எது வந்தாலும் எங்களுக்கு வெறும் செய்தியாக நின்றுவிடாது.

எந்த மின்சாரம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அதனால் எனக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: மோசமான நாளுக்கு மறுநாள் என்ன நடக்கும்? 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, அன்றைய காற்றைவிட எனக்கு நினைவில் நிற்பது அடுத்து வந்த நாட்கள்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் குடிதண்ணீர் இல்லை. புயல் எல்லா ஊருக்கும்தான் வருகிறது. அடுத்த வாரம் எப்படி இருந்தது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். மின் உற்பத்தியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் அணு உலை, ஏனென்றால் பயம் அங்கேதான் அதிகம்.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செங்கல் சூளையில் தீயை நிறுத்தின பிறகும் நாலு நாள் பக்கத்தில் போக முடியாது அல்லவா, அணு உலையும் அப்படித்தான், ஆனால் அதைவிடப் பொல்லாதது. அங்கே வெறும் பழைய சூடு மட்டும் ஆறிக்கொண்டிருப்பதில்லை, அணுப்பிளவு நின்ற பிறகும் உள்ளே மிஞ்சிய கதிரியக்கப் பொருட்கள் புதிதாகச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கூடங்குளத்தில் இருப்பது போன்ற 1,000 மெகாவாட் உலை ஓடும்போது உள்ளே சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. நிறுத்திய கணத்தில் அதில் ஆறேழு சதவீதம் மிச்சம் இருக்கும், அதுவே 200 மெகாவாட் சூடு. அது வேகமாகக் குறையும், ஆனால் குறைகிற வரை, அதற்குப் பிறகு நாள் கணக்கில், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்பு ஓட கரண்ட் வேண்டும். ஆக, ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற உலைக்கே ஆபத்து நேரத்தில் வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். ஒரு எலெக்ட்ரீசியனாக இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது.

2011 மார்ச் 11 ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன, அதுவரை எல்லாம் சரி. வெளி மின்கம்பிகள் அறுந்தன, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, அதுவும் சரி. முக்கால் மணி நேரத்தில் சுனாமி வந்தது. 5.7 மீட்டர் உயர அலை வரலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டிய இடத்தில் 14, 15 மீட்டருக்குத் தண்ணீர் ஏறியது. ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கிப்போயின. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது, ஹைட்ரஜன் சேர்ந்து கட்டடங்கள் வெடித்தன. அதே நிலையத்தில் 5, 6 என்று இன்னும் இரண்டு உலைகள் இருந்தன. கொஞ்சம் மேட்டில் வைத்திருந்த, கடல்நீர் தேவைப்படாத, காற்றாலேயே குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் மூழ்காமல் தப்பியதால் அந்த இரண்டும் பிழைத்தன. இன்னொன்று கேளுங்கள். நிலநடுக்கத்தின் மையத்துக்கு ஃபுகுஷிமாவைவிடப் பக்கத்தில் ஒனகவா என்று ஓர் அணுமின் நிலையம், அதே கடல், அதே அலை. அதைக் கட்டும்போதே சுமார் 14 மீட்டர் மேட்டில் கட்டியிருந்தார்கள். நிலையம் தப்பியது, வீடிழந்த சுற்று வட்டார மக்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே வந்து தங்கினார்கள்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 வெள்ளத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு ராத்திரி ஓடினேன், பெயர் வேண்டாம். ஜெனரேட்டரைத் தரையோடு தரையாக, படிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்தார்கள், முழங்கால் தண்ணீரில் அது செத்துக் கிடந்தது. இரண்டு வருடம் முன்பே மேடை கட்டி ஏற்றி வையுங்கள் என்று சொல்லியிருந்தேன், செலவு என்றார்கள். ஜப்பான் மாதிரி ஒரு நாட்டில் நடந்த தப்பும் எங்கள் ஊரில் நடந்த தப்பும் ஒரே தப்பு.

சரி, கல்பாக்கம் எப்படி? 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள், தேவனாம்பட்டினக் கரையில் நின்றவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று கல்பாக்கத்தில் ஓர் உலை ஓடிக்கொண்டிருந்தது, இன்னொன்று பராமரிப்புக்காக ஏற்கெனவே நின்றிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது, ஓடிய உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், கதிர்வீச்சுக் கசிவு இல்லை. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, பக்கத்தில் கட்டத் தொடங்கியிருந்த 500 மெகாவாட் ஈனுலையின் (எரிக்கிறதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை) அஸ்திவாரக் குழி கடல்நீரால் நிரம்பியது. அன்று உலையைக் காப்பாற்றியவர்களை நான் மனசாரப் பாராட்டுகிறேன், அவர்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்காவிட்டால் எங்கள் கதை வேறு.

இப்போது உயிர்க் கணக்கு. என் மகள் காட்டியது, நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உலக அளவில் ஆய்வாளர்கள் போட்டிருக்கும் மதிப்பீட்டில், நூறு கோடி யூனிட் மின்சாரம் எடுத்தால் நிலக்கரியால், புகையும் விபத்தும் சேர்த்து, சுமார் 25 பேர் சாகிறார்கள். பழுப்பு நிலக்கரி என்றால் 33-ஐ ஒட்டி. அணுமின்சாரத்தில் செர்னோபில், ஃபுகுஷிமா இரண்டையும் சேர்த்தும் 0.03 பேர். காற்றும் சூரியனும் அதே அளவில்தான். ஆக, உயிரை மட்டும் எண்ணினால் அணுமின்சாரம் சோலாரோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறது, நெய்வேலி தூரத்தில் நிற்கிறது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது. ஆனாலும் மறைக்கிற விஷயம் இல்லை, உண்மைதான்.

ஆனால் என் அளவுகோல் மறுநாள் அல்லவா? ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் நேரடியாக இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரே ஒருவரை. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள், அந்த அலைச்சலிலும் உளைச்சலிலும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். செர்னோபில் பக்கத்தில் பிரிப்யாத் என்ற ஊரில் சுமார் 50,000 பேர் இருந்தார்கள், 1986 ஏப்ரலில் கிளம்பினவர்கள் இன்றுவரை திரும்பவில்லை. புயல் அடித்தால் ஒரு மாதத்தில் கூரை போட்டுக்கொண்டு அதே மண்ணில் உட்காருகிறோம். மண்ணே போய்விட்டால் எங்கே உட்காருவது? உயிர்க் கணக்கில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. தென்பெண்ணைக் கரையில் மூன்று தலைமுறையாக வாழ்கிறவனுக்கு இது சின்னக் கேள்வியும் இல்லை.

அப்புறம், யார் சொல்வார்கள் என்ற கேள்வி. கடலூருக்குத் தெற்கே ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பது ஊரறிந்தது. சில வருடம் முன்பு ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் அழுகிய முட்டை மாதிரி நாற்றம், கண் எரிகிறது, அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை, ஒரு சைரன் இல்லை, ஒரு ஒலிபெருக்கி இல்லை, போன் போட்ட இடத்தில் எல்லாம் "பார்க்கிறோம்" என்றார்கள். ஜன்னலைச் சாத்துவதா, வீட்டை விட்டு ஓடுவதா, ஓடினால் எந்தத் திசையில் ஓடுவது? காலையில் நாற்றம் போய்விட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். அந்த இரவை மறக்காதவனிடம் போய் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது, நம்புங்கள் என்று சொன்னால் எப்படி நம்புவான்? அணு உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், எரித்து முடித்த அணு எரிபொருளின் மறுசுழற்சி ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஊருக்கு அது தெரிய எத்தனை நாள் ஆனது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இழப்பீடு விஷயத்திலும் 2010-இல் வந்த சட்டம் உலை நடத்துகிறவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாய் என்று நிறுத்தி வைத்தது. போபாலைப் பார்த்த நாட்டில் அந்த எண்ணைக் கேட்டு யாருக்கும் நெஞ்சு ஆறாது.

இனி நெய்வேலி. இங்கே ஆபத்து ஒரு நாளில் வெடித்து வருவதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினால்தான் சுரங்கம் மூழ்காது, அதனால் சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் கதையாகிவிட்டன. வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம், அதனால் ஒரு யூனிட்டுக்கு அதிகம் எரிக்க வேண்டும், அதிகம் புகை. 2020 மே மாதமும் ஜூலை 1-ஆம் தேதியும் இரண்டு கொதிகலன் விபத்துகள், செத்தவர்களில் நிறையப் பேர் என் மச்சான் மாதிரி ஒப்பந்தத் தொழிலாளிகள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காக வெட்டும் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, விளைந்துகொண்டிருந்த நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியதைப் பார்த்துத் தமிழ்நாடே பதறியது. அப்படியும் 1962-இலிருந்து இந்த மாநிலத்துக்கு ராத்திரி பகல் பாராமல் விளக்கெரித்தது நெய்வேலி, ஆயிரக்கணக்கான வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். இதை நாளைக்கே மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் மச்சான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அந்தச் சம்பளத்தில்.

காற்றாலை பற்றி எங்கள் கரையில் அதிகம் பேச ஒன்றும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும்தான் அந்தக் காற்று, அங்கே மாநிலத்துக்குப் பெரிய சொத்து. ஆனால் அது உச்சத்தில் வீசுவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. எங்களுக்குப் புயல் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அப்போது காற்றாலை மந்தம், மேகம் மூடிக்கிடப்பதால் சூரியனும் மந்தம். இதை மறைத்துவிட்டுக் காற்றும் சூரியனுமே போதும் என்று பேசுகிறவர்கள் எங்கள் பருவம் தெரியாதவர்கள்.

சோலாருக்கு வருவோம், என் தொழில். ஒரு கிலோவாட்டுக்கு மாடியில் சுமார் நூறு சதுர அடி, நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். இதெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். சொல்லாததை நான் சொல்கிறேன்: மானியத்தில் போடுகிற சாதாரண சோலார், தெருவில் கரண்ட் போன அடுத்த நொடி தானும் நின்றுவிடும். உங்கள் தகட்டிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் பழுது பார்க்கும் லைன்மேன் செத்துப்போவார், அதனால் இன்வெர்ட்டர் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, அது சரியும்கூட. ஆனால் புயலுக்கு மறுநாள் மாடியில் மூன்று கிலோவாட் வெயிலில் காய, கீழே வீடு இருட்டில் கிடக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அடுத்த நாள் எனக்கு வந்த போன்களில் பாதி இந்த ஏமாற்றம்தான். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டால்தான் மறுநாளுக்கு உதவும், அதற்கு விலை கூட. உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் தாங்கி நாலு வருடத்தில் துருப்பிடிக்கும், நல்ல துத்தநாகப் பூச்சு, எவர்சில்வர் போல்ட், தளத்தோடு கான்கிரீட் பிடிப்பு, இதில் யாராவது மிச்சம் பிடித்தால் உங்கள் தகடு அடுத்த தெருவில் கிடக்கும்.

பெரிய அளவிலும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1,000 மெகாவாட் அணு உலை நன்றாக ஓடினால் ஒரு வருடத்தில் கொடுக்கிற யூனிட்டை எடுக்க நாலாயிரம் மெகாவாட் சோலாருக்கு மேல் வேண்டும். கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் பிடித்தது என்றால் நாலாயிரத்துக்குப் பதினைந்தாயிரம் ஏக்கர் ஆகும். அவ்வளவும் விளைநிலத்தில் போடுவதானால் நான் முதலில் எதிர்ப்பேன். மாடிகள், கிடங்குக் கூரைகள், நெய்வேலியில் மண் கொட்டி மேடாகிக்கிடக்கும் பழைய சுரங்க நிலங்கள், அதற்கப்புறம்தான் மற்றது. ராத்திரிக்குக் காடம்பாறை மாதிரி நீரை மேலேற்றி வைத்துத் திறந்துவிடும் நிலையங்கள் வேண்டும், அது ஒன்றே 400 மெகாவாட் கொடுக்கிறது, இன்னும் நிறைய வேண்டும். 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அணு உலையும் எப்போதும் நம்பக்கூடிய காவல்காரன் இல்லை, கல்பாக்கத்தின் முதல் உலை 2018 தொடக்கத்தில் நின்று வருடக்கணக்கில் ஓடாமலே கிடந்தது. ஈனுலையும் 2004-இல் கட்டத் தொடங்கி, அதன் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

என் முடிவு இது. ஓடுகிற அணு உலைகளை அவசரப்பட்டு மூடச் சொல்ல மாட்டேன், மூடினால் அந்த இடத்தை இன்றைக்கு நிலக்கரிதான் பிடிக்கும், அதில் சாகிறவர்கள் அதிகம். புயலும் சுனாமியும் பார்த்த இந்தக் கரையில் புதிதாக ஓர் உலை வேண்டாம், கதிர்வீச்சு அளவை எங்கள் ஊர்ப் பலகையிலேயே தினமும் எழுதிப் போடுகிற நாள் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம். முதலில் குறைய வேண்டியது பழுப்பு நிலக்கரி, புதுச் சுரங்கத்துக்கு ஒரு ஏக்கர்கூட எடுக்காமல், இருக்கிற தொழிலாளிகளுக்கு மாற்று வேலையை முதலில் கையில் கொடுத்துவிட்டு. மச்சானிடம் இதைச் சொன்னேன். "வேலையக் காட்டிட்டு மூடுங்க மாமா, நானே வந்து தகடு மாட்டுறேன்" என்றான். மகள் புது உலை விஷயத்தில் இன்னும் என்னோடு சண்டை போடுகிறாள், போடட்டும்.

பெரிய முடிவுகள் என் கையில் இல்லை. எங்கள் ஊராட்சியில் ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறது, அதன் மாடி காலியாகக் கிடக்கிறது. ஐந்து கிலோவாட் தகடும் பதினைந்து யூனிட் பேட்டரியும் போட்டால், மேகம் மூடிய நாளிலும் நாலைந்து யூனிட் வரும். முப்பது வாட் மின்விசிறி இருபது, பத்து மணி நேரத்துக்கு ஆறு யூனிட். பத்து வாட் விளக்கு முப்பது, ஆறு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்குள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம், முக்கால் யூனிட். நூறு செல்போன் சார்ஜ் ஏற ஒன்றரை யூனிட். மொத்தம் பத்து யூனிட்டை ஒட்டி வருகிறது, இரண்டு ராத்திரி தாங்கும். பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் முதல் மாடியில், தளத்திலிருந்து மூன்றடி மேடை கட்டி வைக்க வேண்டும் என்று தனியாக அடிக்கோடு போட்டிருக்கிறேன். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இந்தத் தாளைத்தான் வைக்கப் போகிறேன். கம்பி இழுக்கும் கூலி எனக்கு வேண்டாம் என்று கடைசி வரியில் எழுதிவிட்டேன்.